மார்லின் குஞ்சின் முதல் நூறு நாள்

1953 ஆகஸ்ட் 4 அன்று பெரு நாட்டின் கபோ பிளாங்கோ கரைக்கு அப்பால் தூண்டிலில் சிக்கிய கறுப்பு மார்லின் ஒன்று 707 கிலோ எடை இருந்தது. எழுபது ஆண்டு கடந்தும் அந்த இனத்தில் அதை விஞ்சிய சாதனை பதிவாகவில்லை. அவ்வளவு பெரிய மீனும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள, கடலின் மேல்நீரில் மிதக்கும் ஒரு முட்டையிலிருந்துதான் வந்தது. முட்டை போடும் தாயையும் தூண்டிலுக்கு வரும் பெரிய மீனையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. முட்டைக்கும் தூண்டிலுக்கும் நடுவிலுள்ள காலத்தை அந்த மீன் எங்கே, எப்படிக் கழிக்கிறது என்பது கடல் ஆய்வில் நெடுங்காலம் இருட்டாகவே கிடந்த பகுதி. இறாலுக்குக் கழிமுகம், கொடுவாவுக்கு அலையாத்திக்காடு என்று மற்ற உயிர்களின் வளர்ப்பிடத்தை விரல் நீட்டிக் காட்டலாம். மார்லினுக்கும் அப்படி ஒரு இடத்தைத் தேடிப் பலர் புறப்பட்டார்கள். அவர்கள் திரட்டிய சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: மார்லின் குஞ்சின் வளர்ப்பிடம் பெரும்பாலும் ஓர் ஊரோ வளைகுடாவோ அல்ல, வெதுவெதுப்பான மேல்நீரின் ஒரு நிலை. அந்த நிலை நீரோட்டத்தோடு நகர்கிறது, கலைகிறது, வேறோர் இடத்தில் மறுபடி கூடுகிறது. கறுப்பு மார்லின் மட்டும் சற்று வளர்ந்தபின் கரையோரத்தைத் தொடுகிறது. அங்கே வரைபடத்தில் குறிக்கத்தக்க இடம் உண்டு. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் போடப்படும் பாதுகாப்பு விதிகள் குஞ்சைக் காப்பாற்றாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தக் குஞ்சையே அருகில் பார்ப்போம். ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள நீல மார்லின் லார்வாவை நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், அது வருங்காலத்தில் ஈட்டிமூக்கு மீனாகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உடம்பில் பெரும்பங்கு தலைதான். அந்தத் தலையில் பெரும்பங்கு கண். பிடரியிலிருந்து இரண்டு முட்கள் பின்னோக்கி நீட்டியிருக்கும். செவுள்மூடியின் முன்விளிம்பிலிருந்து இன்னும் இரண்டு நீண்ட முட்கள் கீழ்ப்பக்கமாகப் போகும். தாடைகளில் கூர்மையான பற்கள் முளைத்திருக்கும். மூக்கு இன்னும் நீளவில்லை. கொஞ்சம் வளர்ந்த குஞ்சுக்கு முதுகுத்துடுப்பு மயில் மீனுடையது போலவே உயரமாக விரிந்திருக்கும். வயதாக ஆகத்தான் மார்லினுக்கே உரிய தாழ்ந்த துடுப்பு அமைகிறது. இதனால் எது நீல மார்லின், எது வெள்ளை மார்லின், எது மயில் மீன் என்று குஞ்சு வயதில் பிரித்தறிவது நிபுணர்களுக்கும் பெரும்பாடு. மூக்கின் நீளம், கண்ணின் இருப்பு, கீழ்த்தாடையின் அடியிலுள்ள கறும்புள்ளிகளின் அமைப்பு ஆகியவற்றை வைத்து மேற்கு அட்லாண்டிக் இனங்களைப் பிரிக்கும் முறை 2005இல்தான் ஓரளவு நிலைப்பட்டது. அதே ஆண்டில் ஹவாயின் கோனா கரைக்கு அப்பால் ஆய்வுக் கப்பலிலேயே மரபணுச் சோதனை செய்து, கடலிலிருந்து அள்ளிய முட்டை நீல மார்லினுடையதுதான் என்று உறுதிசெய்து அதன் வடிவத்தைப் பதிவுசெய்தார்கள். அதற்கு முந்தைய பதிவுகள் பலவற்றில் இனப்பெயர் உறுதியற்றது என்பதைப் பழைய ஆய்வுகளைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிற்றுயிரின் பசியும் வளர்ச்சியும் வியப்புக்குரியவை. என் வாதத்துக்கு அடித்தளமும் அவைதான். மியாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003, 2004 ஆகிய இரண்டு ஆண்டும் மாதந்தோறும் புளோரிடா நீரிணையைக் குறுக்காக அரித்து லார்வாக்களைச் சேகரித்தார்கள். ஜோயல் லோபிஸ், ராபர்ட் கவன் இருவரும் அவற்றின் இரைப்பைகளைத் திறந்து பார்த்து 2008இல் வெளியிட்ட முடிவுகள் தெளிவானவை. பகலில் பிடிபட்ட குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வயிற்றில் இரை இருந்தது. மிகச் சிறியவை தின்றது ஏறக்குறைய இரண்டே வகை: ஃபரனுலா என்ற கோப்பிபாட், எவாட்னே என்ற நீர்த்தெள்ளு. சுற்றிலும் எத்தனையோ மிதவையுயிர்கள் இருந்தும் குஞ்சு இவ்விரண்டையும் பொறுக்கித் தின்கிறது. ஐந்து மில்லிமீட்டரைத் தொட்டதும் மற்ற மீன்களின் லார்வாக்களை விழுங்கத் தொடங்குகிறது. பன்னிரண்டு மில்லிமீட்டர் தாண்டினால் மீன் தவிர வேறெதையும் தின்பதில்லை. பிறந்து சில வாரம்கூட ஆகாத உயிர் முழு வேட்டைமீனாகிவிடுகிறது. வளர்ச்சியைச் செவிக்கல் சொல்கிறது. மீனின் உட்செவியிலுள்ள இந்தச் சுண்ணாம்புத் துணுக்கில் நாளுக்கொரு வளையம் படிகிறது; அதை எண்ணினால் வயது தெரியும், வளையங்களின் இடைவெளியை அளந்தால் அந்தந்த நாளின் வளர்ச்சி தெரியும். பஹாமாஸின் எக்சூமா கடற்பகுதியிலும் புளோரிடா நீரிணையிலும் பிடித்த நீல மார்லின் குஞ்சுகளின் நீளம் நாளுக்குச் சுமார் பன்னிரண்டு விழுக்காடு கூடுகிறது. அப்படியென்றால் ஆறு நாளுக்கு ஒருமுறை நீளம் இரட்டிக்கிறது. எரிக் பிரின்ஸும் உடனாய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வின்படி, சற்று வளர்ந்த இளம் நீல மார்லின் நாளுக்கு 16 மில்லிமீட்டர் அளவுக்குக்கூட நீள்கிறது. எலும்புமீன்களில் இந்த வேகத்துக்கு ஈடு மிக அரிது. இப்படி வளர வேண்டுமானால் ஒருநாள்கூட இரை தவறக்கூடாது. வெப்பமண்டலப் பெருங்கடலின் மேல்நீரோ சத்துக் குறைந்தது, வெறிச்சோடியது. ஆகவே இரை எங்கே நெருங்கிக் கூடுகிறதோ அங்கே இருக்கும் குஞ்சுதான் பிழைக்கும். வளர்ப்பிடம் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியது இந்தக் கட்டாயத்திலிருந்துதான்.

தேடலின் வரலாறும் ஒரு பாடம். டென்மார்க்கின் டானா கப்பல் 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றியபோது சேகரித்த மீன்குஞ்சுகளில் ஈட்டிமூக்கு மீன்களின் லார்வாக்களும் இருந்தன. அவற்றை ஆராய்ந்து இந்திய, பசிபிக் பெருங்கடல்களில் அவற்றின் பரவலைத் தொகுத்தவர்கள் நம் மண்டபத்திலிருந்த மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். ஜோன்ஸும் எம். குமரனும். 1962 ஜனவரியில் மண்டபம் முகாமில் சூரை, வஞ்சிரம், ஈட்டிமூக்கு மீன்கள் பற்றி நடந்த ஆய்வரங்கின் தொகுதியில் அந்தக் கட்டுரை இடம்பெற்றது. இராமநாதபுரக் கரையில் செய்யப்பட்ட இந்த வேலையை நம்மில் பலர் அறியாதிருப்பது வருத்தமானது; இந்தியப் பெருங்கடலின் மார்லின் குஞ்சுகளைப் பற்றிப் பேசுபவர் இன்றும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஜப்பானியர்களின் வேலை இன்னும் விரிவானது. ஷோஜி உயெயனாகி போன்றவர்கள் தொடங்கிவைத்த மரபில், 1956 முதல் 1981 வரை ஆய்வுக் கப்பல்கள் இழுத்த லார்வா வலைகளின் முடிவுகளைத் தொகுத்து 1985இல் உலகக் கடல்களுக்கான வரைபடங்களை வெளியிட்டார்கள். மேல்நீரின் வெப்பம் 24 டிகிரிக்கு மேல் இருக்கும் வெப்பமண்டலப் பட்டை முழுவதும் நீல மார்லின் குஞ்சு சிதறிக் கிடக்கிறது என்பதே அவற்றிலிருந்து கிடைத்த பெரிய செய்தி. குஞ்சு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை வலையின் மாற்றமே காட்டிக்கொடுத்தது. பழைய வலைகள் ஆழத்திலிருந்து சாய்வாக மேலே வந்தன. மேற்பரப்பைக் கண நேரம் தொட்டதோடு சரி. மேற்பரப்பை மட்டும் அரிக்கும் வலையைத் தென்னட்லாண்டிக்கில் இழுத்துப் பார்த்த பார்ட்லெட், ஹெட்ரிச் இருவரும் அதுவரை அரிதென்று எண்ணியிருந்த நீல மார்லின் குஞ்சு அந்த வலையில் எளிதாகக் கிடைப்பதை 1968இல் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள கடலில் இந்தக் குஞ்சுகள் வாழ்வது மேலேயுள்ள சில மீட்டரில், பகல் வேளையில் பெரும்பாலும் மேல் ஒரு மீட்டரையொட்டி.

அந்த மெல்லிய அடுக்கிலும் அவை சமமாகப் பரவியிருக்கவில்லை. மெக்சிகோ வளைகுடாவின் வடபகுதியில் ஜே ரூக்கரும் அவருடைய குழுவினரும் 2006 முதல் 2008 வரை கோடைகளில் நடத்திய ஆய்வில், வளைகுடாவுக்குள் வந்து திரும்பும் வளையோட்டம் என்ற வெந்நீர் ஓட்டத்தின் விளிம்புகளை ஒட்டி ஈட்டிமூக்கு மீன்களின் லார்வாக்கள் கூடுதலாகக் கிடைத்தன. இரண்டு வகை நீர் முட்டிக்கொள்ளும் இடத்தில் மிதக்கும் பொருளெல்லாம் ஒதுங்குகிறது. கோப்பிபாட்டும் ஒதுங்குகிறது, அதைத் தின்னும் சிறுமீனும் ஒதுங்குகிறது. புளோரிடா நீரிணையில் ஓட்டத்தின் ஓரமாகச் சுழன்று போகும் சிறு சுழிகளின் விளிம்பில் மயில் மீன்கள் முட்டை விடுவதாக டேவிட் ரிச்சர்ட்சன் குழுவினர் கண்டார்கள். அதாவது தாயே அந்த விளிம்பைத் தேடி வந்து முட்டையிடுகிறது. ஹவாயின் மேற்குக் கரையில் நிலைமை இன்னும் நுட்பமானது. கடலுக்கு அடியில் நகரும் உள்ளலைகள் மேற்பரப்பில் எண்ணெய் படிந்தது போன்ற வழவழப்பான பட்டைகளை உண்டாக்குகின்றன. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றின்படி இந்தப் பட்டைகள் அப்பகுதிக் கடற்பரப்பில் 8 விழுக்காடு அளவே. ஆனால் மேல்நீரில் வாழும் மீன் லார்வாக்களில் 42 விழுக்காடு அவற்றுக்குள் இருந்தன. மீனவர்களுக்கு இது புதுச்செய்தியாக இருக்காது. நீவாடு முட்டும் இடத்தில், நுரையும் பாசியும் கோடு போட்டாற்போல ஒதுங்கும் இடத்தில் மீன் நிற்கும் என்பதை எந்தக் கடற்கரையிலும் கேட்கலாம். பெரிய மீனுக்கு உண்மையானது ஐந்து மில்லிமீட்டர்க் குஞ்சுக்கும் உண்மை என்பதையும், அந்தக் கோடு இன்று இருக்கும் இடத்தில் அடுத்த வாரம் இருக்காது என்பதையும்தான் ஆய்வு சேர்த்துச் சொல்கிறது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. எக்சூமாவில் நீல மார்லின் குஞ்சு கிடைக்கிறது. டொமினிகன் குடியரசின் புன்டா கானாவுக்கு அப்பால் நீல மார்லினும் வெள்ளை மார்லினும் முட்டையிடுவதைக் குஞ்சுகள் காட்டின. புளோரிடா நீரிணையில் இரண்டு ஆண்டும் பருவந்தோறும் லார்வாக்கள் வந்தன. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ரிப்பன் திட்டுகளுக்கு வெளியே ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் கறுப்பு மார்லின் கூடுகிறது. ஆக வளர்ப்பிடங்கள் நிலையாகத்தானே இருக்கின்றன, அவற்றைச் சுற்றி வேலி போட்டால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தீவு, நீரிணை, கடலடி மேடு இவை இருக்கும் இடத்தில் நீரோட்டம் ஒரே மாதிரி வளைவதால் விளிம்புகளும் சுழிகளும் அங்கே அடிக்கடி உண்டாகும். அந்த அளவில் இந்த இடங்கள் மற்றவற்றைவிட முக்கியமானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரிச்சர்ட்சன் குழுவே 2009இல் ஒரு கணக்குப் போட்டது: புளோரிடா நீரிணையில் விடப்படும் முட்டை, அட்லாண்டிக்கின் மொத்த மயில் மீன் முட்டையிலும் நீல மார்லின் முட்டையிலும் சுமார் இரண்டு விழுக்காடுதான். பரப்பைப் பார்த்தால் இது மிக அதிகம், மொத்தத்தைப் பார்த்தால் மிகக் குறைவு. மீதி எங்கே? பரந்த கடலில், எந்த ஆய்வுக் கப்பலும் மாதந்தோறும் போகாத இடங்களில். நமக்குத் தெரிந்த வளர்ப்பிடங்களெல்லாம் பல்கலைக்கழகத் துறைமுகங்களுக்கும் விளையாட்டு மீன்பிடித் தளங்களுக்கும் பக்கத்திலேயே இருப்பது தற்செயல் அல்ல. தேடியவர்கள் அங்கிருந்து புறப்பட்டார்கள். எக்சூமாவையும் புளோரிடாவையும் காப்பது தேவை. அதோடு மார்லின் குஞ்சு காக்கப்பட்டுவிட்டது என்று எண்ணுவதுதான் பிழை.

கறுப்பு மார்லினின் கதை இந்த வாதத்தின் மறுபாதி. லைசார்ட் தீவுக்கு அருகே ஜெஃப்ரி லீஸ், கோல்ட்மன், உயெயனாகி மூவரும் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வில், பவளத்திட்டின் உட்கடலில் மயில் மீன் குஞ்சுகளும், திட்டின் வெளிச்சுவரை ஒட்டிய பவளக்கடலில் கறுப்பு மார்லின் குஞ்சுகளும் கிடைத்தன. பிறகு அந்தக் குஞ்சுகள் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. அவை மீண்டும் மனிதர் கண்ணில் படுவது டவுன்ஸ்வில் நகருக்குத் தெற்கே கேப் பௌலிங் கிரீன் என்ற முனையை ஒட்டிய ஆழமற்ற கடலில், தென்பாதியின் குளிர்காலத்தில், பத்து இருபது கிலோ எடையுள்ள துடிப்பான இளமீன்களாக. வெளித்திட்டுக்கு அப்பால் பிறந்த மீன் திட்டுகளைக் கடந்து கரையருகே வந்து, சிறுமீன் கூட்டங்களைத் தின்று கொழுத்து, பிறகு கரையோரமாகவே தெற்கே நகர்கிறது. கிகாரி தீவு, மோர்ட்டன் முனை என்று படிப்படியாக இறங்கி, கோடையில் நியூ சவுத் வேல்ஸின் போர்ட் ஸ்டீபன்ஸ் வரை போய்ச் சேர்கிறது. 1973 முதல் அந்த மாநிலம் நடத்திவரும் அடையாளவில்லைத் திட்டம் இந்தப் பயணத்துக்கு நீண்ட சாட்சி. இங்கே வளர்ப்பிடத்துக்கு முகவரி உண்டு, பருவமும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் நிலையான விதி வேலை செய்யும். 1998இல் ஆஸ்திரேலியா தன் கடலில் வணிகப் படகுகள் கறுப்பு, நீல மார்லின்களைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தடை செய்தது. பெரிய மீனுக்கும் இளமீனுக்கும் சேர்த்தே பலனளிக்கும் துணிச்சலான முடிவு அது. ஆனாலும் இந்தக் கரையோர வழியும் அப்படியே உறைந்து நிற்கவில்லை. எல் நீனோ, லா நீனா ஆண்டுகளுக்கு ஏற்ப இந்த மீனுக்கு உகந்த நீர் வடக்கும் தெற்குமாக ஊசலாடுகிறது. அதற்கு மேல், அண்மைக் காலத்தில் அது பத்தாண்டுக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வீதம் தெற்கே நகர்ந்துகொண்டிருப்பதாக 2016இல் வெளிவந்த கணிப்பு சொல்கிறது. முகவரி உள்ள வளர்ப்பிடமும் வீடு மாற்றுகிறது.

வெளித்திட்டில் மறைந்து முனையில் தோன்றும் வரையிலான அந்த இடைவெளிதான் மொத்தக் கேள்வியின் கடினமான கண்ணி. கறுப்பு மார்லின் மட்டுமல்ல, எல்லா மார்லினுக்கும் இது பொருந்தும். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய குஞ்சு ஆய்வு வலையைவிட வேகமாக நீந்தும். பகல் வெளிச்சத்தில் வலை வருவதைக் கண்டு விலகிவிடும். அரை மீட்டருக்குக் குறைந்த மீன் ஆயிரங்கால் தூண்டிலின் பெரிய கொக்கியைக் கவ்வுவது அரிது. வலைக்கும் பெரியது, தூண்டிலுக்கும் சிறியது. அந்த அளவு மீன்கள் நமக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் சூரை, மாஹி-மாஹி போன்ற வேட்டைமீன்களின் வயிற்றிலிருந்தும், இரவில் கப்பல் விளக்கின் கீழ் கைவலை போட்டவர்களிடமிருந்தும்தான். இதைக் காட்டி, மேல்நீர் விளிம்புகளில் குஞ்சு அதிகம் என்பதே வலையின் மாயையாக இருக்கலாம், வளர்ந்த குஞ்சு வேறெங்கோ போய்விட்டிருக்கலாம் என்று ஒருவர் எதிர்வாதம் செய்யலாம். இதில் பாதி உண்மை உண்டு. வலையில் விழாதது கடலிலேயே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் விளிம்பிலும் வெளியிலும் ஒரே வலையை, ஒரே வேகத்தில், ஒரே பருவத்தில் இழுத்துத்தான் ஒப்பிட்டார்கள். வலையின் குறை இரண்டு பக்கத்துக்கும் பொது. ஆகவே சிறு குஞ்சைப் பற்றிய முடிவு நிற்கிறது. வளர்ந்த குஞ்சைப் பொறுத்தவரை, அது முழுக்க மீன் தின்னும் உயிர் என்பதால் சிறுமீன் கூடும் இடத்தை விட்டுப் போக அதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நாளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வளர வேண்டிய உடம்பு வெறுங்கடலில் காலம் கழிக்க முடியாது.

இனி எல்லாவற்றையும்விட அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். மார்லின் ஒரு தடவைக்கே பத்து லட்சங்களில் முட்டையிடும் உயிர். அதில் எப்படியும் அத்தனையும் சாகும். குஞ்சைக் காப்பாற்றுவது வீண்வேலை, பெரிய மீனைக் காத்தால் போதும் என்பது அது. கேட்க நடைமுறைப் பேச்சுபோல இருக்கிறது. கணக்கு வேறாகச் சொல்கிறது. எடுத்துக்காட்டுக்காக, குஞ்சுகளில் நாளுக்கு ஐந்தில் ஒன்று சாகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாள் முடிவில் லட்சத்தில் 124 மிஞ்சும். அந்த நாள்சாவு இருபது விழுக்காட்டிலிருந்து பத்தொன்பதுக்கு இறங்கினால் மிஞ்சுவது 180. ஒரே ஒரு விழுக்காட்டுப் புள்ளிதான் குறைந்தது, பிழைத்தவை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. எதிர்த்திசையிலும் இதே கணக்குதான்: ஒரு புள்ளி கூடினால் அந்த ஆண்டுக் கூட்டமே நொடிந்துபோகும். சாவு அதிகமாக இருக்கும் பருவத்தில்தான் சிறு மாற்றத்துக்குப் பெரிய விளைவு உண்டு. பெரிய மீனைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய பெண் மார்லின் இல்லாமல் முட்டையே இல்லை. அவற்றைக் கொல்வது குறையாமல் எந்தக் குஞ்சுப் பாதுகாப்பும் பயன் தராது. ஆனால் நல்ல தாய் நல்ல நீரில் முட்டையிட்ட பிறகும் அந்த மேல் ஒரு மீட்டர் கெட்டுப்போனால், தாயைக் காத்த பலன் பாதியிலேயே கரைந்துவிடுகிறது.

அந்த ஒரு மீட்டர் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. குஞ்சை ஒதுக்கிச் சேர்க்கும் அதே நீரியக்கம் குப்பையையும் ஒதுக்கிச் சேர்க்கிறது. ஹவாயின் அந்தக் கடற்பகுதியில் மிதக்கும் பிளாஸ்டிக்கில் 92 விழுக்காடு அளவு அந்த வழவழப்புப் பட்டைகளுக்குள் இருந்தது; மீன் குஞ்சு ஒன்றுக்கு ஏழு பிளாஸ்டிக் துணுக்கு என்ற விகிதம். துணுக்குகளில் பல, குஞ்சுகள் உண்ணும் இரையின் அளவிலேயே இருந்தன. வாள்மீன் குஞ்சிலும் பறக்கோலாக் குஞ்சிலும் அவை கிடைத்தன. கண்ணால் பார்த்துப் பொறுக்கித் தின்னும் உயிருக்கு இது எவ்வளவு பெரிய பொறி என்பதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் வேறொரு தீங்கு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்தபோது, கசிவு தொடர்ந்த மாதங்கள் ஈட்டிமூக்கு மீன்களின் முட்டைப் பருவத்தோடு ஒட்டிவந்தன. கச்சா எண்ணெய் கலந்த நீரில் சூரைமீன்களின் கருக்களுக்கு இதயக் கோளாறு உண்டாவதை 2014இல் ஆய்வகத்தில் நிரூபித்தார்கள். மார்லின் கருவும் அதே மேல்நீரில்தான் மிதக்கிறது. கடல் வெப்பமாவதால் 24 டிகிரிப் பட்டை அகலும், மார்லினுக்கு அது லாபம்தானே என்று சொல்பவர்களும் உண்டு. வெப்பம் மட்டும் போதுமானால் சரிதான். ஆனால் மேல்நீர் சூடேறச் சூடேற அது அடிநீரோடு கலப்பது குறைகிறது, சத்து மேலே வருவது குறைகிறது, இரை குறைகிறது. அடியிலிருந்து உயிர்வளி குறைந்த நீரும் மேலேறுகிறது: வடகிழக்கு வெப்பமண்டல அட்லாண்டிக்கில் 1960 முதல் 2010 வரை நீல மார்லின் வாழத்தக்க மேலடுக்கு சுமார் 15 விழுக்காடு சுருங்கியதாக 2012இல் கணக்கிட்டார்கள். வளர்ந்த மீன்கள் மேலே நெருக்கப்படும்போது அவற்றின் இரையாகும் குஞ்சுகளும் அதே நெரிசலில்தான் இருக்க வேண்டும். பட்டை அகன்றாலும் அதற்குள் பிழைப்பது எளிதாகாது.

இந்தியப் பெருங்கடலுக்கு வருவோம். இங்கே மார்லினையும் மயில் மீனையும் பெருமளவில் பிடிப்பவை வழிவலைகளும் ஆயிரங்கால் தூண்டில்களும். இந்தியா, இலங்கை, ஈரான், பாகிஸ்தான் ஆகியவற்றின் படகுகளுக்கு இதில் பெரும்பங்கு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பகுதி ஆழ்கடல் மீனவர்களுக்கு இந்த மீன்கள் அன்றாடப் பழக்கம். இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம் 2018இல் இயற்றிய விதி, கறுப்பு மார்லின், நீல மார்லின், வரி மார்லின், மயில் மீன் ஆகிய நான்குக்கும் பிடிப்பு வரம்பு வைத்தது. கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவை வரை 60 சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனை வைத்துக்கொள்ளக்கூடாது என்றும் சொன்னது. குஞ்சின் பெயரால் இருக்கும் விதி இது ஒன்றே. அதன் நோக்கத்தை மதிக்கிறேன். அதன் அளவை ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன வேகத்தில் வளரும் மீன் 60 சென்டிமீட்டரைச் சில மாதத்திலேயே கடந்துவிடும். முட்டையிடும் பருவத்துக்கு அது அப்போதும் வெகு தொலைவில் இருக்கும். தூண்டிலில் அரிதாகவே மாட்டும் அளவுக்கு வரம்பு வைத்தால், காகிதத்தில் இருக்குமே தவிரக் கடலில் அதற்கு வேலையில்லை. வழிவலையில் மாட்டினாலோ, செத்த பிறகு அளந்து கடலில் எறிவதால் ஒரு குஞ்சும் பிழைக்காது. மீனவர் மீது குற்றம் சொல்லவும் இதில் ஒன்றுமில்லை. எந்தப் பருவத்தில், எந்த நீரில் இளமீன் கூடுகிறது என்று சொல்லாமல், பிடித்த பிறகு எறி என்று மட்டும் சொல்லும் விதி அவர்களுக்கு நட்டத்தைத் தவிர எதைத் தரும்?

அமெரிக்கா 2000, 2001 ஆண்டுகளில் டிசோட்டோ கடற்பள்ளத்தையும் கிழக்குப் புளோரிடாக் கரையையும் ஆயிரங்கால் தூண்டிலுக்கு மூடியது, சிறு வாள்மீன்கள் வீணாகச் சாவதைக் குறைக்கத்தான். கருவிக்கும் இடத்துக்கும் சேர்த்து விதி போட முடியும் என்பதற்கு அது சான்று. இன்று செயற்கைக்கோள் மேல்நீரின் வெப்பத்தையும் ஓட்டத்தின் விளிம்பையும் நாள்தோறும் காட்டுகிறது. மீன் கூடும் இடத்தை மீனவருக்குச் சொல்ல ஹைதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் மையம் அதையே பயன்படுத்துகிறது. மீன் பிடிக்க உதவும் அதே அறிவிப்பு, குஞ்சு கூடும் பருவத்தில் இன்ன விளிம்பில் சில வாரம் வழிவலை விடாதீர்கள் என்று சொல்லவும் உதவும். அதற்கு முன் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் குஞ்சு எந்த மாதம் எங்கே இருக்கிறது என்பது தெரிய வேண்டும். மேற்பரப்பை அரிக்கும் வலை விலை மிகுந்த கருவி அல்ல. 1984 முதல் ஓடும் சாகர் சம்பதா போன்ற ஆய்வுக் கப்பல்கள் எந்த வேலையாகப் போனாலும், போகிற வழியில் அந்த வலையை இழுத்து, கிடைத்த குஞ்சை மரபணுவால் இனம் பிரித்துப் பதிவுசெய்ய முடியும். மண்டபத்தில் ஜோன்ஸும் குமரனும் வேறொரு நாட்டுக் கப்பல் அரித்த குஞ்சுகளை வைத்து வேலை செய்தார்கள். நம் கப்பல்களும் ஆய்வாளர்களும் இருக்கும் இந்த நாளில், இந்த வேலையை நம் கடலில் நாமே மாதந்தோறும் செய்யத் தொடங்க வேண்டும். 60 சென்டிமீட்டர் விதியைத் திருத்தும் பேச்சு அந்தப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கட்டும்.